கைமரத்தின் காலைக் கட்டுங்கள்

ஓட்டுக் கூரை போடும்போது கைமரத்தின் கனத்தைத்தான் பலரும் பார்க்கிறோம். அதைவிட முக்கியம், எதிரெதிர்க் கைமரங்களின் கால்களைப் பிணைக்கும் குறுக்கு உத்தரம். ஓட்டின் பாரம் கீழே அழுத்துவதோடு நிற்காது. கைமரக் கால்களை வெளிப்பக்கமும் தள்ளும். சரிவு குறையக் குறைய இந்தத் தள்ளல் கூடும். மண்சாந்தில் எழுப்பிய பழைய சுவர் பாரத்தைச் சுமக்கும், பக்கவாட்டுத் தள்ளலுக்கு வெடிப்பு விடும். உத்தரம் வந்துவிட்டால் இரு கைமரங்களும் அதுவும் சேர்ந்து முக்கோணம்; பக்கங்கள் நீளாதவரை அதன் கோணம் மாறாது. திருவெறும்பூர்ப் பட்டறைகளில் இரும்புக் குழாயில் பற்றவைக்கும் முக்கோணக் கூரைச் சட்டமான டிரஸ்ஸுக்கும் இதே கணக்குதான்.

முகட்டில் கனத்த உத்தரம் இருந்தால் போதாதா? சிறிய அறைக்குப் போதும். நீளம் கூடினால் அது நடுவில் தொய்யும். தொய்ந்தால் தள்ளல் திரும்ப வந்துவிடும். இரும்பு போட்டால் கவலையில்லை என்பதும் பாதி உண்மையே. காற்று கூரையை மேலே தூக்கும்; எடை குறைந்த தகரக் கூரைக்கு அந்த ஆபத்து அதிகம். 2018 நவம்பர் 16-இல் கரை கடந்த கஜா புயல், காவிரி டெல்டாவில் எத்தனையோ கூரைகளைப் பிய்த்தெறிந்தது. எனவே நேயர்களே, உத்தரம் வைப்பதோடு நிறுத்தாமல், டிரஸ்ஸைச் சுவருக்குள் பதித்த போல்ட்டில் இறுக்கச் சொல்லுங்கள்.