மருத்துவமனைக்கும் மஹல்லாவுக்கும் இடையே ஒரு பாலம்

ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் துண்டு விரித்து மருத்துவ உதவி கேட்பதை நாம் பலமுறை பார்த்திருக்கிறோம். நம் மக்களும் தாராளமாகவே கொடுக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தக் குடும்பத்திடம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்திருப்போம்?

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு இத்திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதிய வேண்டும். நோய் வந்து படுத்த பிறகு அலைவதைவிட, முன்கூட்டியே அட்டை எடுத்து வைப்பது நல்லது. அறுவை சிகிச்சைச் செலவைக் காப்பீடு ஏற்றுக்கொண்டால், பைத்துல்மால் பணம் காப்பீட்டில் வராத பயணச் செலவு, உடன் இருப்பவரின் சாப்பாடு, வேலையிழந்த குடும்பத்தின் வாடகை போன்றவற்றுக்கு உதவும்.

பெரிய நோய்கள் பலவும் சிறிய அலட்சியத்தில்தான் தொடங்குகின்றன. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை இடையில் நிறுத்தியவர்கள், பக்கவாதத்துடனோ பழுதடைந்த சிறுநீரகத்துடனோ மருத்துவமனைக்கு வருகிறார்கள். இதைத் தடுக்கவே 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பரிசோதித்து மாத்திரை தருகிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கின்றன.

ஆனால் வாப்பாவும் மகனும் வெளிநாட்டில் இருக்க, உம்மா மட்டும் தனியாக இருக்கும் வீடு எது என்பது தன்னார்வலரைவிட மஹல்லாவுக்கே நன்றாகத் தெரியும். நமது ஜமாஅத்துகள் பாலமாக நிற்க வேண்டிய இடம் இதுதான்.

இதற்கு முன்மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது. கேரளத்தின் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993-ல் வலி தணிப்பு சிகிச்சைக்கான ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. அந்தப் பணி பின்னர் மலப்புறம் மாவட்டத்தில் ஊர் மக்களின் இயக்கமாகவே வளர்ந்தது. பயிற்சி பெற்ற அக்கம்பக்கத்தினர் நோயாளியின் வீட்டுக்குச் சென்று பேசுகிறார்கள், குளிப்பாட்ட உதவுகிறார்கள், பிள்ளைகளின் படிப்பை விசாரிக்கிறார்கள். மருத்துவத்தைச் செவிலியரும் மருத்துவரும் பார்த்துக்கொள்கிறார்கள். சாதாரண மக்கள் தரும் சிறு தொகைகளே அதன் பலம். 2008-ல் கேரள அரசு இதற்கென ஒரு கொள்கையையே அறிவித்தது.

நமது ஊரில் எங்கிருந்து தொடங்கலாம்?

முதலில், ஜமாஅத் நிர்வாகிகள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைச் சந்தித்துப் பேசலாம். மஹல்லாவில் ஆண்கள் இருவர், பெண்கள் இருவரைப் பொறுப்பாக நியமித்து, படுக்கையில் இருப்போர், தனித்து வாழும் முதியோர் விவரங்களை அவர்களின் சம்மதத்துடன் தெரிவிக்கலாம்.

இரண்டாவது, ரமளானுக்கு ஒன்றரை மாதம் முன்பே சர்க்கரை நோயாளிகளுக்கு முகாம் நடத்தலாம். யார் நோன்பு வைக்கலாம், ஸஹர், இஃப்தார் நேரங்களுக்கு ஏற்ப மருந்தை எப்படி மாற்றுவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மார்க்கம் நோயாளிக்குத் தந்துள்ள சலுகையை ஆலிம்கள் எடுத்துச் சொன்னால் மனம் அமைதி பெறும்.

மூன்றாவது, காசநோய். பெண்ணுக்கு வரன் அமையாதே என்ற பயத்தில் இதை மறைக்கும் வீடுகள் உண்டு. முறையாக மருந்து சாப்பிட்டால் குணமாகும் நோய் இது. சாதாரண வகைக்கு 6 மாத சிகிச்சை போதும். சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாயை அரசே தருகிறது. மருந்தைப் பாதியில் நிறுத்தாமல் துணை நிற்பது அக்கம்பக்கத்தாரின் கடமை.

இங்கே சில எச்சரிக்கைகளும் தேவை. தன்னார்வலர் மருந்தை மாற்றச் சொல்லக் கூடாது. ஒருவரின் நோய் பள்ளிவாசல் திண்ணையில் பேச்சாகக் கூடாது, அது அமானிதம். உதவி செய்யும்போது படம் எடுத்துப் பரப்பவும் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் எந்த மதத்தவரானாலும் இந்தச் சேவை அவருக்கும் உரியது.

நோயாளியை நலம் விசாரிப்பது நம் மீதுள்ள கடமை என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். வரும் ஜும்ஆவுக்குப் பிறகு கைகுலுக்கிப் பிரியும் முன், நம் தெருவில் யார் படுக்கையில் இருக்கிறார்கள் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம். இன்ஷா அல்லாஹ், அந்தக் கேள்வியிலிருந்தே பாலம் கட்டத் தொடங்கலாம்.