பல்பு மேல் பழி போடாதீர்கள்!

மும்பை துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த நண்பர் ஒருவரிடம் பழைய பிரீமியர் பத்மினி கார் இருந்தது. இரவு ஷிப்டு முடிந்து அதில்தான் வீடு திரும்புவார்.

4 மாதத்தில் 5 ஹெட்லைட் பல்புகள் போய்விட்டன!

"மட்டமான சரக்கு" என்று கடைக்காரரைத் திட்டினார். அடுத்த முறை விலை கூடிய பல்பாக வாங்கினார். அதுவும் போயிற்று.

ஒரு நாள் இரவு குடும்பத்தோடு மால்சேஜ் மலைப்பாதையில் வந்து கொண்டிருந்தார். திடீரென்று வலது பக்க விளக்கு அணைந்தது. எதிரே வந்த லாரி டிரைவர் ஒற்றை விளக்கைப் பார்த்து, ஓரமாக ஏதோ மோட்டார் சைக்கிள் வருகிறது என்று நினைத்து விட்டார். நடுரோட்டைப் பிடித்து வந்த லாரி, கார் கதவை உரசாத குறை. பின் சீட்டில் 2 குழந்தைகள்.

மறுநாள் சயானில் ஒரு தமிழ் மெக்கானிக்கிடம் போனார். அவர் பல்பைத் தொடவே இல்லை. பேட்டரி மூடியைத் திறந்து பார்த்தார்.

"தண்ணி சீக்கிரம் குறையுதா சார்?"

"ஆமாம். போன வாரம்தான் ஊற்றினேன்."

"பிரேக் லைட்டு பல்பும் போகுதா?"

"போகிறது."

"அப்ப பல்பு மேல தப்பு இல்லை. சார்ஜ் ஏறுது."

பேட்டரியில் மீட்டர் வைத்தார். என்ஜின் நின்றிருந்தபோது 12.6 வோல்ட். சரிதான். என்ஜினை ஓட்டி வேகம் கூட்டினால் 14 அல்லது 14.5 வோல்ட்டில் நிற்க வேண்டும். அதுவோ 15.8-க்கு ஏறியது.

மின் அழுத்தம் 5 சதவீதம் கூடினாலே பல்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகி விடும். இங்கே அதற்கும் மேல்!

சார்ஜைக் கட்டுப்படுத்துவது ரெகுலேட்டர். பழைய வண்டிகள் பலவற்றில் அது என்ஜின் பக்கத்தில் தனிப் பெட்டியாக இருக்கும். பெட்டியின் 'எர்த்' துருப்பிடித்தால், பேட்டரியில் சார்ஜ் குறைவு என்று ஏமாந்து, மேலும் மேலும் ஏற்றும். மும்பை மழையும் உப்புக் காற்றும் துருவுக்குக் கேட்கவா வேண்டும்?

மெக்கானிக் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கினார். மீட்டர் 14.1 காட்டியது. அன்று போட்ட பல்பு 2 மழைக்காலம் தாண்டியும் எரிந்தது.

எல்லா வண்டியிலும் இதே கோளாறு என்று சொல்ல முடியாது. ஒரே பக்க பல்பு மட்டும் திரும்பத் திரும்பப் போனால், அந்தப் பக்கத்து ஹோல்டரைப் பாருங்கள். பல்பு ஆடுகிறதா? கண்ணாடிக்குள் தண்ணீர் இறங்குகிறதா? போன பல்பின் உள்ளே வெள்ளையாகப் படிந்திருந்தால் காற்று புகுந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஹாலஜன் பல்பின் கண்ணாடியை விரலால் தொடக்கூடாது. விரலில் உள்ள எண்ணெய்ப்பசை சூட்டில் கண்ணாடியைக் கெடுக்கும். துணியால் பிடித்து மாட்டுங்கள்.

பேட்டரி டெர்மினல் தளர்ந்திருந்தாலும் அழுத்தம் எகிறி, ஒரே நொடியில் பல்புகளைக் காவு வாங்கும். என்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிச் சோதிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். விடாதீர்கள்!

"100 வாட் போடுங்கள், போகவே போகாது" என்றும் சிலர் சொல்வார்கள். 60/55 வாட்டுக்குச் செய்த ஹோல்டரும் சுவிட்சும் அந்தச் சூட்டில் உருகும். பல்பு செலவு போய் வயரிங் செலவு வரும்.