இருளும் இளிவரலும்: எர்த்சீ தொடரில் வாசகர் ஏமாற்றத்தின் மெய்ப்பாட்டு அடிப்படை

முன்னுரை

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவினின் எர்த்சீ மிகுபுனைவுத் தொடரில் முதல் மூன்று நூல்கள் 1968, 1971, 1972 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், 1990இல் நான்காம் நூலான ‘தெஹானு’ வெளியானது. அது நெபுலா விருது பெற்றது; எனினும், தொடரை நேசித்த வாசகர்களில் ஒரு சாரார் அதனை ஏமாற்றத்துடன் எதிர்கொண்டனர். தொடர் இருண்டுவிட்டது என்பதே இத்தகைய ஏமாற்றத்திற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம். அக்காரணம் போதுமானதா என்பதைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

முன்னைய நூல்களில் இருள்

முதல் நூலில் நாயகன் கெட் தன் செருக்கால் கொடிய நிழலொன்றை உலகிற்குள் விடுகிறான். இரண்டாம் நூலில் சிறுமிப் பூசாரி டெனாரின் ஆணையால் சிறைப்பட்டோர் பட்டினியால் மடிகின்றனர். மூன்றாம் நூல் இறந்தோர் நாட்டிற்கே செல்கிறது. எனவே இருள் தொடருக்குப் புதிதன்று. ஆயின் அவ்விருள் பெருமிதத்திற்குக் களமாக அமைந்தது. பெருமிதத்தின் நிலைக்களன்களாகிய கல்வி, தறுகண், இசைமை, கொடை ஆகிய நான்கும் கெட்டிடம் பொருந்துகின்றன: ரோக் தீவில் மந்திரக் கல்வி, நிழலை எதிர்கொள்ளும் தறுகண், தீவுகள்தோறும் பரவிய புகழ், உலகைக் காக்கத் தன் ஆற்றல் முழுவதையும் ஈந்த கொடை.

மெய்ப்பாட்டு மாற்றம்

‘தெஹானு’ அக்கொடையின் மறுநாளிலிருந்து தொடங்குகிறது எனலாம். மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் இளிவரலின் நான்கு களன்களும் இதில் நிறைந்துள்ளன. முதிய ஆசான் ஓகியோன் இறக்கிறார். வன்கொடுமைக்குள்ளாகித் தீயில் இடப்பட்ட சிறுமியின் புண்ணை மந்திரம் ஆற்றவில்லை. ஆற்றலிழந்த கெட் நாணி ஒளிகிறான். மென்மையை நல்குரவெனக் கொள்ளும் உரைமரபின்படி நோக்கின், ஆடு மேய்க்கும் கெட்டின் நிலை ஆற்றலின் நல்குரவாகும்.

அச்சத்தின் களனும் மாறுகிறது. அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கனுள் முதல் நூலின் அச்சம் நிழலிலும் டிராகனிலும், அதாவது அணங்கிலும் விலங்கிலும் நின்றது. ‘தெஹானு’வில் இரவில் வீடு புகும் ஆடவரும், நிலத்தலைவனின் மாளிகையைச் சார்ந்த மந்திரவாதியுமே அச்சம் தருகின்றனர். டிராகனோ காப்பாற்ற வருகிறது.

எதிர்பார்ப்பும் விலகலும்

ஹான்ஸ் ராபர்ட் யாஸ் கூறும் ‘எதிர்பார்ப்பு எல்லை’ இங்குப் பொருந்தும். பெருமிதத்தை எதிர்நோக்கிய வாசகர் இளிவரலைப் பெற்றனர். முந்தைய நூல்கள் ஆண் வீரமரபின் பார்வையில் எழுந்தவை என்பதை லெ குவின் 1992இல் ஆக்ஸ்போர்டு உரையில் விளக்கினார். அவ்விளக்கம் ஆசிரியர் நோக்கைத் தெளிவாக்கும்; வாசகரின் இழப்பை இல்லாததாக்காது. வீரத்தில் தம்மைக் கண்டு வளர்ந்தோர்க்கு, வீரன் நாணி ஒளிவது தமக்கே நேர்ந்த குறையாகத் தோன்றுதல் இயல்பு.

முடிவுரை

ஆகவே, ஏமாற்றத்தின் வேர் இருளின் அளவில் இல்லை. மெய்ப்பாட்டின் மாற்றத்தில் உள்ளது. அவ்வேமாற்றத்தை வாசகரின் முதிர்ச்சியின்மை எனத் தள்ளுவதும், படைப்பின் வீழ்ச்சி எனக் கொள்வதும் பொருந்தா. முன்னைய நூல்கள் எம்மெய்ப்பாட்டை எத்துணை ஆழமாக விளைத்தன என்பதற்கு அது சான்றாகும். தொடர்நிலைப் புனைவுகளின் வரவேற்பை ஆராய்வோர் கதைநிகழ்வுகளின் கடுமையை மட்டுமன்றி, மெய்ப்பாட்டுக் களன்களின் இடப்பெயர்ச்சியையும் கருதுதல் வேண்டும்.