மத்திகிரியில் மந்தைக்கென்று ஒரு நிலம்

ஓசூரில் இன்று நிலம் என்றாலே சதுர அடிக் கணக்குதான். சிப்காட், சரக்கு லாரிகள், அத்திப்பள்ளி எல்லை வரை நெருக்கியடிக்கும் கடைகள், ஊரைச் சுற்றிலும் மனைப் பிரிவுகள். இத்தனைக்கும் நடுவே மத்திகிரியில் சுமார் 1,640 ஏக்கர் கால்நடைகளுக்கென்று இருக்கிறது. 1824இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைக்குதிரைகளுக்காக ஏற்படுத்திய இடம் அது. சரியாக நூறு ஆண்டு கழித்து மாட்டுப் பண்ணையானது. 1936இல் தென்னிந்திய மாட்டினங்களைப் பற்றி நூல் எழுதிய லிட்டில்வுட் இங்கே பொறுப்பில் இருந்தவர்.

ஓர் இனமே பண்ணையால் பிழைப்பதுண்டு. அமெரிக்கப் புல்வெளிகளில் கோடிக்கணக்கில் திரிந்த பைசன் என்ற காட்டு மாடுகளை 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் சுட்டுத் தள்ளிவிட்டார்கள். ஆயிரம்கூட மிஞ்சவில்லை. தப்பியவற்றைச் சில பண்ணைக்காரர்கள் பிடித்து வந்து பெருக்கியதால்தான் இனம் பிழைத்தது. மத்திகிரியின் சிவப்புச் சிந்தி மாடுகளும் ஒரு வகையில் அப்படித்தான். 1947இல் நாடு பிரிந்தபோது அவற்றின் தாய்மண்ணான சிந்து பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. இந்தியாவில் கலப்பில்லாத சிந்தி வழி பெரும்பாலும் இதுபோன்ற பண்ணைகளில்தான் தங்கியது.

வீட்டுக் கொட்டிலில் நாலு மாடு வளர்ப்பது வேறு, மந்தையைக் கட்டிக் காப்பது வேறு. சின்ன மந்தைக்குப் பெரிய ஆபத்து ரத்த உறவில் இனம் சேர்வது. ஒரு பொலிகாளைக்குப் பிறந்த கிடாரி மூன்று வயதை நெருங்கும்போது பருவத்துக்கு வந்துவிடும். அதற்குள் காளையை மாற்றியாக வேண்டும். தவறினால் தகப்பனே மகளோடு சேரும். சில தலைமுறைகளில் கன்று நோஞ்சானாகும், சினை தங்காது. அதனால்தான் காதுவில்லையில் இருக்கும் 12 இலக்க எண்ணும், எந்தக் கன்று எந்தத் தாய்க்கு, எந்தக் காளைக்கு என்று எழுதும் பதிவேடும் தீவனத்துக்குச் சமமாக முக்கியம். கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கன்று வீச்சு நோய்க்கோ கிடாரிக் கன்றுக்கு நாலு முதல் எட்டு மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும். அந்தப் பருவம் தவறினால் தவறியதுதான்.

மேய்ச்சலுக்கும் கணக்கு உண்டு. ஒரு பகுதியில் மந்தை மேயும்போது இன்னொரு பகுதி ஆறப்போட்டிருக்க வேண்டும். புல் தழைத்து விதை உதிர்த்த பிறகே அங்கே மாட்டை விடலாம். எந்த நாளில் பார்த்தாலும் பாதி நிலம் வெறுமனே கிடப்பதுபோல் தெரிவது இதனால்தான். மனை விலையே மனசில் ஓடுகிறவர்களுக்கு அது காலி இடமாகப் படலாம். அந்தப் பாதியை எடுத்துவிட்டால் மீதிப் பாதி ஒரே கோடையில் கட்டாந்தரையாகும். மாடு கொட்டிலுக்குள் அடைபடும். தீவனச் செலவு ஏறும். செலவைக் காட்டியே மந்தையைக் குறைப்பார்கள்.

2023 பிப்ரவரியில், எருது விடும் விழாவுக்கு அனுமதி தாமதமானதென்று இதே மாவட்டத்தின் கோபசந்திரத்தில் நெடுஞ்சாலையையே மறித்தார்கள். காளை மேல் இவ்வளவு பற்றுள்ள மாவட்டம், மத்திகிரியின் மேய்ச்சல் காட்டில் ஓர் ஏக்கர் குறைந்தாலும் ஏனென்று கேட்க வேண்டும்.