கழற்றி மாட்டும் காலணிகள்

நாமக்கல் நகரில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் ஏராளம். சங்ககிரி, திருச்செங்கோடு, சேலம் ஆகிய ஊர்களிலும் லாரித் தொழில் வேரூன்றி நிற்கிறது. டயர் தேய்ந்தால் டயரை மாற்ற வேண்டும், ஸ்பிரிங் பட்டை உடைந்தால் பட்டையை மாற்ற வேண்டும் என்பது அங்குள்ள சிறுவர்களுக்கும் தெரியும். டயர் தேய்ந்துவிட்டது என்பதற்காக லாரியையே யாரும் குப்பையில் போடுவதில்லை.

அந்தப் பட்டறையைக் கடந்து வேலைக்குச் செல்லும் பெண்ணின் காலைப் பாருங்கள். அவருடைய செருப்பில் ஒரு வார் பிய்ந்தாலோ, குதியின் ஓரம் தேய்ந்தாலோ, பெரும்பாலும் அந்தச் சோடியே குப்பைக்குப் போய்விடுகிறது. பல ஆயிரம் உறுப்புகள் கொண்ட லாரியைப் பிரித்துப் பூட்ட முடிகிறது. ஏழெட்டு உறுப்புகளே கொண்ட செருப்பைப் பிரித்துப் பூட்ட முடிவதில்லை. இது ஏன்? உறுப்புகளைக் கழற்றி, வேண்டியதை மாட்டிக்கொள்ளும் காலணியைச் செய்ய முடியாதா?

முடியும். அதற்கு என்னென்ன வேண்டும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

காலணியின் உறுப்புகள்

எந்தக் காலணியையும் நான்கு பகுதிகளாகப் பிரித்துப் பார்க்கலாம். தரையைத் தொடுவது அடிப்பகுதி. இதைச் ‘சோல்’ என்கிறோம். அதன்மேல் பாதம் படியும் மெத்தை போன்ற பகுதி உள்ளடி. பாதத்தைப் பிடித்து வைத்திருப்பது வார் அல்லது மேற்பகுதி. பின்புறத்தை உயர்த்துவது குதி. பேச்சு வழக்கில் ‘ஹீல்ஸ்’.

இந்த நான்கும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. குதியின் வெளியோரம் முதலில் தேயும். அடுத்து வார் நெகிழும் அல்லது அறும். உள்ளடி அழுந்தித் தட்டையாகும். அடிப்பகுதியோ பெரும்பாலும் இவற்றையெல்லாம் தாண்டி உழைக்கும். ஆகவே ஒரு காலணியின் ஆயுள், அதன் மிக நலிந்த உறுப்பின் ஆயுளேயாகும்.

முன்னாளில் இந்நிலை இவ்வளவு கடுமையாக இல்லை. தோலில் தைத்த செருப்பை அதே தொழிலாளியிடம் கொடுத்தால் தையலைப் பிரித்து, தேய்ந்த தோலை மாற்றித் தந்துவிடுவார். மேலைநாட்டுச் சப்பாத்துகளிலும் 1870-களில் இயந்திரத் தையல் முறை ஒன்று பரவியது. மேற்பகுதியின் ஓரத்தில் ஒரு தோல் பட்டையைத் தைத்து, அந்தப் பட்டையோடு அடிப்பகுதியைத் தைப்பது அம்முறை. அடிப்பகுதி தேய்ந்தால் மேற்பகுதியைத் தொடாமலே அதை மட்டும் மாற்றலாம்.

பிறகு பசை வந்தது. வார்ப்பு முறையும் வந்தது. இன்று பல காலணிகளில் பாலியூரித்தேன் என்னும் பிளாஸ்டிக்கை நீர்மமாக அச்சினுள் செலுத்தி, மேற்பகுதியோடு ஒன்றாகவே உறைய வைக்கிறார்கள். இதனால் எடை குறைகிறது, விலையும் குறைகிறது. ஆனால் உறுப்புக்கும் உறுப்புக்கும் இடையே பிரிக்கும் இடமே இல்லாமல் போய்விட்டது. மேலும் இவ்வகைப் பிளாஸ்டிக் சிலவற்றைக் காற்றிலுள்ள ஈரம் மெல்ல மெல்லச் சிதைக்கிறது. வேதியியலில் இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். விசேஷங்களுக்கு என்று பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த காலணி, சில ஆண்டுகள் கழித்து எடுத்துப் போட்டதும் பொடிப்பொடியாக உதிர்வதற்கு இதுவே காரணம்.

ஹவாய் செருப்பு கற்பிக்கும் பாடம்

உறுப்பு மாற்றும் காலணி என்றதும் அது ஏதோ வெளிநாட்டுப் புதுமை என்று எண்ண வேண்டாம். நம் வீட்டு வாசலில் கிடக்கும் ஹவாய் செருப்பே அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

அதன் அடிப்பகுதியில் மூன்று துளைகள் உள்ளன. வாரில் மூன்று குமிழ்கள் உள்ளன. குமிழ் துளையைவிடப் பெரியது. ஆனால் ரப்பர் நெகிழும் பொருளாகையால், குமிழை அழுத்தித் துளைக்குள் நுழைத்துவிடலாம். மறுபக்கம் போனதும் அது விரிந்து தன் பழைய வடிவைப் பெற்று, எளிதில் திரும்ப வராமல் பூட்டிக்கொள்கிறது. ஆணி இல்லை, பசை இல்லை, தையலும் இல்லை. வார் அறுந்தால் கடையில் புது வார் வாங்கி, ஐந்து நிமிடத்தில் நாமே மாற்றிக்கொள்ளலாம். அடிப்பகுதி நன்றாக இருக்கும்வரை செருப்பும் உழைக்கும்.

வார் பெரும்பாலும் முன்குமிழ் அருகிலேயே பழுதாகிறது. இதற்கும் காரணம் உண்டு. நடக்கும்போது குதிகால் மேலெழுகிறது. அப்போது செருப்பின் சுமையில் பெரும்பகுதியைப் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே உள்ள அந்த ஒற்றைத் தண்டே தூக்குகிறது. ஒரு நாளில் பல ஆயிரம் அடிகள் நடந்தால், பல ஆயிரம் முறை அது இழுபடுகிறது. துளையும் நாளடைவில் அகன்றுவிடுகிறது.

அப்படிக் குமிழ் பிடுங்கிக்கொண்டால் நம் பெண்கள் உடனே புடவையிலோ தாலிக்கயிற்றிலோ இருக்கும் ஊக்கை எடுத்து, குமிழுக்கு மேலே தண்டில் குத்திப் பூட்டிவிடுவார்கள். இது வெறும் கைவைத்தியம் அன்று. நட்டுக்கு அடியில் வாஷர் செய்யும் வேலையை ஊக்கு இங்கே செய்கிறது. அகன்றுவிட்ட துளையின் விளிம்பில் குறுக்கே தாங்கி நின்று, விசையைப் பரப்பி, குமிழ் நழுவாமல் தடுக்கிறது.

துப்பாக்கியிலிருந்து செருப்புக்கு

எந்த உறுப்பை எடுத்தாலும் எதனோடும் பொருந்த வேண்டும் என்னும் கருத்து முதலில் துப்பாக்கித் தொழிலில்தான் வலுப்பெற்றது. 1785-ஆம் ஆண்டில் ஓனோரே பிளாங் என்னும் பிரெஞ்சுத் தொழில்வல்லுநர், துப்பாக்கிக் குதிரை இயந்திரத்தின் உறுப்புகளை ஒரே அளவில் செய்து காட்டினார். அப்போது பாரிசில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன், குவியல்களிலிருந்து கைக்கு வந்த உறுப்புகளை எடுத்துத் தாமே பூட்டிப் பார்த்தார். எல்லாம் பொருந்தின.

இந்த வரலாற்றுக்கும் காலணிக்கும் நேரான தொடர்பு ஒன்று உண்டு. காலணியை, கால் வடிவில் செதுக்கிய மரக்கட்டையின் மேல் வைத்தே உருவாக்குவார்கள். அக்கட்டையைத் தொழிலில் ‘லாஸ்ட்’ என்பர். அமெரிக்கரான தாமஸ் பிளாஞ்சார்ட் 1819-இல் ஒரு கடைசல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். துப்பாக்கியின் வளைந்த மரப்பிடியை ஒரு மாதிரியைத் தடவிப் பார்த்து அப்படியே கடைந்து தருவது அந்த இயந்திரம். அதே இயந்திரம் கால்கட்டைகளையும் கடைந்தது. ஒரே மாதிரிக் கட்டைகளை வேண்டிய அளவு செய்ய முடிந்ததால், அளவு வாரியாகக் காலணி செய்து கடையில் அடுக்குவதும் எளிதாயிற்று.

குதியை மாற்றுவது எளிதா?

வாரை மாற்றலாம், சரி. உயரக் குதியைக் கழற்றி வேறு குதி மாட்டலாமா? 2010-களில் பாரிசில் தான்யா ஹீத் என்னும் பெண் தொழில்முனைவர் அத்தகைய காலணிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஒரு விசையை அழுத்தினால் குதி கழன்று வரும். வேறு குதியைப் பொருத்தலாம். பார்க்க எளிதாகத் தோன்றும் இதன் பின்னே கடினமான பொறியியல் உள்ளது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 50 கிலோ எடையுள்ள ஒரு பெண், 1 சதுர சென்டிமீட்டர் முனையுள்ள கூர்ங்குதியின் மேல் ஒரு கணம் முழு எடையையும் ஊன்றினால், அந்த இடத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 50 கிலோ அழுத்தம் உண்டாகும். லாரி டயரில் அடைக்கும் காற்றின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7 முதல் 8 கிலோ. டயர் தரையை அழுத்துவதும் ஏறத்தாழ அதே அளவுதான். ஆகவே, சரக்கு லாரியின் சக்கரத்தைப் போல் ஆறு மடங்குக்கு மேலான அழுத்தத்தை அந்தச் சிறு குதி தாங்குகிறது!

இது நேர் அழுத்தம். பக்கவாட்டு விசை இதைவிடத் தொல்லை தருவது. 8 சென்டிமீட்டர் உயரக் குதியின் நுனியில், மேடுபள்ளத்தால் 5 கிலோ விசை பக்கவாட்டில் தாக்கினால், 8 × 5 = 40 கிலோ-சென்டிமீட்டர் திருப்புத்திறன் உண்டாகிறது. குதியைப் பிடிக்கும் இரு பூட்டுகளுக்கு இடையே 2 சென்டிமீட்டர் தூரமே இருந்தால், பூட்டு 40 ÷ 2 = 20 கிலோ விசையைத் தாங்க வேண்டும். நெம்புகோலின் விதி இங்கும் விடுவதில்லை. பூட்டு ஒரு மயிரிழை தளர்ந்தாலும் கணுக்கால் சுளுக்கிக்கொள்ளும்.

உயரத்தை மாற்றுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. குதியுள்ள காலணியின் நடுப்பகுதிக்குள் வளைந்த எஃகுப் பட்டை ஒன்று மறைந்திருக்கும். குறிப்பிட்ட உயரத்துக்கு ஏற்ற சாய்வை அது நிலைநிறுத்துகிறது. 8 சென்டிமீட்டர் குதியைக் கழற்றி 3 சென்டிமீட்டர் குதியை மாட்டினால், காலணி பின்னால் சாய்ந்து மூக்கு வானத்தைப் பார்க்கும். இதைத் தவிர்க்க, அந்த நடுப்பகுதியே வளைந்துகொடுக்கும்படியும் அதே சமயம் எடையைத் தாங்கும்படியும் அமைக்க வேண்டும்.

முதலில் வேண்டுவது பொது அளவு

மாற்றுறுப்புக்கு உறுதியான பூட்டு மட்டும் போதாது. பொதுவான அளவும் வேண்டும். நாம் இன்றும் கடையில் கேட்கும் 5, 6, 7 என்னும் எண்கள் ஆங்கிலேயர் தந்தவை. வாற்கோதுமை மணியின் நீளமாகக் கொண்ட 1/3 அங்குலமே ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடு. இந்த எண் நீளத்தை மட்டுமே சொல்கிறது, அகலத்தைச் சொல்வதில்லை.

சென்னை அடையாற்றில் 1948-இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், இந்தியர்களின் பாதங்களை அளக்க முற்பட்டது. 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாட்டின் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்கள் முப்பரிமாணக் கருவியால் அளக்கப்பட்டன. இந்தியர்களின் பாதம் பொதுவாக ஐரோப்பியர்களின் பாதத்தைவிட அகலமானது எனத் தெரியவந்தது. பெண்களின் பாத வளர்ச்சி 11 வயதையொட்டி உச்சத்தை அடைகிறது என்றும் அறிந்தனர். இதன் அடிப்படையில் ‘பா’ என்னும் இந்திய அளவுமுறை பரிந்துரைக்கப்பட்டு, 2024-இல் பரவலாகப் பேசப்பட்டது. அதில் குழந்தைகள், சிறுமியர், பெண்கள், ஆண்கள் என 8 பிரிவுகள் உள்ளன.

அகலம் இவ்வளவு முக்கியமா? ஆம். அகலம் போதாததால் பலர் நீளம் கூடிய எண்ணை வாங்குகிறார்கள். அப்போது பாதம் முன்னும் பின்னும் வழுக்குகிறது. விரல்கள் செருப்பைப் பற்றிக்கொள்ள ஓயாமல் உழைக்கின்றன. ஒரே பெண்ணின் பாதமும் ஒரே அளவில் நிற்பதில்லை. பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக் கூடங்களிலும், சேலத்து ஜவ்வரிசி ஆலைகளிலும் நாள் முழுதும் நின்று உழைப்பவரின் பாதம் மாலையில் வீங்கும். பேறுகாலத்தில் பாதம் அகன்று, வளைவு சற்றுத் தாழ்வதும் உண்டு. மாறும் காலுக்கு மாறாத காலணி எப்படிப் பொருந்தும்? வாரின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கவும், உள்ளடியின் கனத்தை மாற்றவும் வழியிருந்தால் இத்துன்பம் பெரிதும் குறையும்.

காலைக் காத்த உள்ளடி

உள்ளடியின் அருமையைத் தமிழகம் முன்பே அறிந்திருக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் காற்புண்ணைக் குறித்து ஓர் உண்மையை நிலைநாட்டினார். சதை தானே அழுகுவதில்லை. உணர்ச்சி இழந்த காலில், வலி தெரியாமல் மீண்டும் மீண்டும் ஒரே இடத்தில் அழுத்தம் படுவதாலேயே புண் உண்டாகிறது. ஆகவே மருந்தோடு தகுந்த செருப்பும் வேண்டும் என்றார். வேலூரை அடுத்த கரிகிரி தொழுநோய் மையமும் இப்பணியில் ஈடுபட்டது. நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மென்ரப்பர் உள்ளடி அழுத்தத்தைப் பாதம் முழுதும் பரப்பியது. இன்று நீரிழிவால் கால் மரத்துப்போனவர்களுக்கும் இத்தகைய செருப்பே பரிந்துரைக்கப்படுகிறது. அந்த ரப்பர் நாளடைவில் அழுந்திவிடும். அப்போது அதை மாற்றியே ஆக வேண்டும். மாற்ற முடியாத உள்ளடி, காலையே பலிவாங்கக்கூடும்.

நீங்களே அளந்து பாருங்கள்

மாலை நேரத்தில் ஒரு தாளைத் தரையில் வைத்து அதன்மேல் நேராக நில்லுங்கள். வேறொருவர் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து உங்கள் பாதத்தைச் சுற்றிக் கோடு வரையட்டும். இரு கால்களையும் வரையுங்கள். இரண்டும் சற்று வேறுபடுவதைக் காண்பீர்கள். பிறகு உங்கள் செருப்பை அந்தப் படத்தின்மேல் வையுங்கள். பாதத்தின் கோடு செருப்பின் ஓரத்துக்கு வெளியே தெரிந்தால், அகலம் போதவில்லை என்று பொருள். அம்மாவின் செருப்பையும் பாட்டியின் செருப்பையும் இவ்வாறே சோதித்துப் பாருங்கள்.

ஆகவே உறுப்பு மாற்றும் காலணி என்பது உடைக்கு ஏற்ற நிறம் மாற்றும் அலங்காரம் மட்டும் அன்று. பொதுவான அளவு, உறுப்புகள் தவறாமல் பொருந்தும் நுட்பம், எடையைத் தாங்கும் பூட்டு ஆகிய மூன்றும் கூடினால் பிறக்கும் பயன்பொருள் அது. நம் பெண்களுக்கு முதலில் வேண்டுவது மாற்றும் குதி அன்று. மாற்றும் வாரும் மாற்றும் உள்ளடியுமே. லாரியின் ஒவ்வொரு உறுப்பையும் பிரித்துப் பூட்டும் கைத்திறன் படைத்த இம்மண்ணின் மாணவர்கள், நாளை அந்தத் திறனைக் காலடிப் பக்கமும் திருப்பலாம் அல்லவா?