ஏ23ஏ போன வழி

77 கிலோமீட்டர் நீளமும் 38 கிலோமீட்டர் அகலமும் உள்ள ஒன்று காணாமல் போகுமா? போனது. அண்டார்க்டிகாவின் த்வெயிட்ஸ் பனியாற்றிலிருந்து 1992-ல் பிரிந்த பனிமலை, மூன்று ஆண்டுகள் கழித்து இரண்டாக உடைந்தது. அதில் ஒரு துண்டின் பெயர் பி10ஏ. மேகமும் குளிர்கால இருட்டும் மறைத்துவிட, அமெரிக்காவின் தேசியப் பனி மையம் அதன் தடத்தைத் தவறவிட்டிருந்தது. 1999 ஜூலையில், ஏவப்பட்டு ஒரு மாதமே ஆன குயிக்ஸ்காட் செயற்கைக்கோளின் முதல் படங்களிலேயே அது அகப்பட்டது. தென் அமெரிக்க முனைக்குக் கீழே, டிரேக் நீரிணையில் கப்பல்கள் போகும் தடத்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

குயிக்ஸ்காட் பனிமலை தேடப் போன கருவி அல்ல. கடல்மேல் வீசும் காற்றை அளக்கப் போன ரேடார் அது. ஆனால் ரேடாருக்குப் பகலும் வேண்டாம், தெளிந்த வானமும் வேண்டாம்.

சாதாரண கேமராவுக்குச் சூரியன் துணை வேண்டும். அண்டார்க்டிகாவை ஒட்டிய வெடல் கடலின் தென்கோடியில் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியன் எழாது. எழுகிற மாதங்களிலும் மேகம் விலகும் நாள் குறைவு. ரேடாரோ தன் வெளிச்சத்தைத் தானே கொண்டுபோகிறது. ஐரோப்பாவின் சென்டினல்-1, 693 கிலோமீட்டர் உயரத்திலிருந்து சுமார் ஐந்தரை சென்டிமீட்டர் அலைநீளமுள்ள நுண்ணலைகளைத் துடிப்பு துடிப்பாகப் பூமியை நோக்கிச் சரிவாக அனுப்புகிறது. மேகத்தின் நீர்த்துளிகள் அந்த அலைநீளத்துக்கு முன்னால் மிகமிகச் சிறியவை. அலை அவற்றைத் தாண்டிப் போய்விடும்.

கீழே அமைதியான கடல் இருந்தால், சரிவாக விழுந்த துடிப்பைக் கண்ணாடிபோல எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். திரும்பி வர எதுவும் இல்லாததால் படத்தில் அந்த இடம் கறுப்பு. பனிமலையின் மேற்பகுதி வேறு மாதிரி. பல நூறு ஆண்டுகள் விழுந்து, ஒன்றையொன்று அழுத்தி இறுகிய பனி அது. அலை அதற்குள் பல மீட்டர் இறங்கி, பனிமணிகளில் மோதி எல்லாப் பக்கமும் சிதறும். அதில் ஒரு பங்கு செயற்கைக்கோளுக்கே திரும்பும். கறுப்புக் கடலில் வெள்ளைத் தகடாகப் பனிமலை தெரிவது இதனால்தான்.

எப்போதும் இவ்வளவு எளிதாக அமையாது. காற்று கடலைக் கிளறிவிட்டால் அலைகளும் பளிச்சென்று எதிரொலிக்கும். கோடையில் பனியின் மேற்பரப்பு உருகி ஈரமானால், அந்த ஈரம் நுண்ணலையை விழுங்கிவிடும்; நேற்று வெள்ளையாக இருந்த பனிமலை இன்று கறுத்துக் கிடக்கும். அதனால் படத்தைப் படிப்பவர்கள் நிறத்தை மட்டும் நம்புவதில்லை. விளிம்பின் வடிவத்தைப் பார்க்கிறார்கள். கிடைமட்டமாக அதிரும் அலையை அனுப்பி, செங்குத்தாக அதிர்ந்து திரும்புவதை மட்டும் வாங்கிப் பார்ப்பது இன்னொரு வழி. கடல் அப்படித் திருப்பி அனுப்புவது சொற்பம். பனி நிறையவே அனுப்பும்.

எனக்கு இன்றும் வியப்புத் தீராத இடம் ஒன்று உண்டு. சென்டினல்-1 சுமக்கும் ஆன்டெனாவின் நீளம் 12 மீட்டர் சொச்சம். அதை மட்டும் நம்பினால், அந்த உயரத்திலிருந்து தரையில் 4 கிலோமீட்டர் அளவுக்கு எல்லாம் ஒரே புள்ளியாகக் கலங்கிவிடும். ஆனால் செயற்கைக்கோள் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓடும் வழியில் ஒரே இடத்திலிருந்து வரும் எதிரொலிகளை எல்லாம் சேமித்து, பின்பு கணக்கிட்டுக் கோத்துவிட்டால், அது ஓடிய தூரம் முழுவதுமே ஒரு நெடிய ஆன்டெனாபோல வேலை செய்யும். 400 கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்த படத்திலும், சில பத்து மீட்டர் அளவுள்ள விவரம் இப்படித்தான் கிடைக்கிறது.

குயிக்ஸ்காட் வகைக் காற்றளவிகளுக்கு இந்த நுணுக்கம் இல்லை. ஆனால் அவை ஏறக்குறைய முழு அண்டார்க்டிகக் கடலையும் நாள்தோறும் பார்த்துவிடும். பிரிகம் யங் பல்கலைக்கழகம் இத்தரவுகளைக் கொண்டு பனிமலைகளின் பதிவேடு ஒன்றைப் பராமரிக்கிறது. 2009-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்தியாவின் ஓஷன்சாட்-2 தந்த அளவீடுகளும் அதில் சேர்ந்திருக்கின்றன.

பெயர் வைக்கும் முறை எளிது. அண்டார்க்டிகாவை நான்கு கால்வட்டங்களாகப் பிரித்து ஏ, பி, சி, டி என்கிறார்கள். பிறந்த கால்வட்டத்தின் எழுத்து, பிறகு வரிசை எண், உடைந்தால் துண்டுக்கு இன்னோர் எழுத்து.

அப்படிப் பெயர் பெற்றதுதான் ஏ23ஏ. 1986-ல் ஃபில்க்னர் பனித்தட்டிலிருந்து பிரிந்தது. சோவியத் நாட்டின் ட்ருஷ்னயா-1 ஆய்வுத் தளமும் அந்தப் பகுதியோடு போய்விட்டது. போன வேகத்திலேயே வெடல் கடலில் தரை தட்டி நின்றது. ஒரு மாதம், இரண்டு மாதமல்ல; 30 ஆண்டுகளுக்கு மேல். நெடுங்காலம் அசையாத ஒன்றைத் திரும்பத் திரும்பப் படம் எடுப்பது வீண் வேலையாகத் தோன்றலாம். 2020 வாக்கில் அது கடற்தரையை விட்டு மெல்ல நழுவத் தொடங்கியதைக் காட்டிக்கொடுத்தது அந்தப் பட வரிசைதான். பழைய படத்தின்மேல் புதிய படத்தை வைத்தால், விளிம்பு கொஞ்சம் தள்ளி நின்றது.

2023-ல் சுமார் 4,000 சதுர கிலோமீட்டர் பரப்போடு வெடல் கடலைவிட்டு வெளியேறியது. 2024-ல் தெற்கு ஆர்க்னி தீவுகளுக்கு வடக்கே மறுபடி நின்றது. இம்முறை தரை தட்டவில்லை. அடியில் பிரீ பேங்க் என்ற கடல்மேடு இருந்தது. ஓடும் நீர் மேட்டில் மோதி, அதன்மேல் ஒரு தூணாகச் சுழன்றுகொண்டிருந்தது. டெய்லர் தூண் எனப்படும் அந்தச் சுழலுக்குள் சிக்கிய ஏ23ஏ நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 பாகை திரும்பியது. ஒரு முழுச் சுற்றுக்கு 24 நாள். இத்தனை பெரிய பனிக்கட்டி இருந்த இடத்திலேயே மாதக்கணக்கில் சுழன்றதை, அதன்மேல் நிற்பவர்கூட உணர்ந்திருக்க முடியாது.

ஆண்டின் கடைசியில் விடுபட்டு, 2025 மார்ச்சில் தெற்கு ஜார்ஜியா தீவுக்கு சுமார் 70 கிலோமீட்டர் முன்னால் மீண்டும் தரை தட்டியது. பென்குயின்களும் கடல்நாய்களும் குஞ்சு குட்டிகளோடு வாழும் தீவு அது. பனிமலை கரையை அடைத்துக்கொண்டால், இரை தேடப் போகும் தாய் சுற்றிக்கொண்டு போக வேண்டும். குஞ்சு அதுவரை பசி தாங்காது. அதனால்தான் ஒவ்வொரு படத்துக்கும் அத்தனை பேர் காத்திருந்தார்கள். சில வாரங்களில் அது நகர்ந்து வடக்கே போனது. செப்டம்பருக்குள் பாதிக்கும் மேல் உடைந்துவிட்டது.

படம் பரப்பைத்தான் சொல்லும், கனத்தைச் சொல்லாது. நீர்மட்டத்துக்கு மேல் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதைக் கிரையோசாட்-2 போன்ற உயர அளவிகள் தரும். மிதக்கும் பனியில் பெரும்பங்கு நீருக்குள் என்பதால், அந்த உயரத்தைக் கொண்டு முழுத் தடிமனையும் கணக்கிடலாம். இப்படித்தான், 2017-ல் லார்சன் சி பனித்தட்டிலிருந்து பிரிந்த ஏ68ஏ என்ற பனிமலை, தெற்கு ஜார்ஜியா அருகே மூன்றே மாதத்தில் 15,200 கோடி டன் நன்னீரைக் கடலில் விட்டது தெரியவந்தது.

குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போன துண்டுகள், பெயர் பெற்ற பனிமலைகளின் பட்டியலிலிருந்து நீக்கப்படுகின்றன. கப்பலுக்கு ஆபத்து அவற்றால்தான் அதிகம். வீடளவே உள்ள ஒரு கட்டி ரேடார் படத்தில் ஒற்றைப் புள்ளி. கடல் கொந்தளிக்கும் நாளில் அந்தப் புள்ளி அலைகளின் எதிரொலிக்குள் மறைந்துவிடுகிறது.