கிதாரும் கமகமும்

குற்றாலத்தில் சாரல் விழும் காலம், தென்காசி வழியே வந்து சேரும் ரஸிகர்களுக்குச் சங்கீத விவாதத்துக்கும் உகந்த காலம். கிதார் என்னும் மேல்நாட்டு வாத்தியத்தில் நம் ராகங்கள் பேசுமா என்று கேட்டால், முகம் சுளிப்பவர்கள் உண்டு.

அவர்களுக்குப் பழைய திருநெல்வேலிச் சீமையிலேயே விடை இருக்கிறது. முத்துஸ்வாமி தீக்ஷிதரின் இளைய சகோதரரான பாலுஸ்வாமி தீக்ஷிதர், மேல்நாட்டுப் பிடிலைக் கற்று நம் சங்கீதத்துக்கு வசப்படுத்தினார்; எட்டயபுரம் சமஸ்தான வித்வானாகவும் விளங்கினார். இன்று பிடிலை அந்நியம் என்பார் உண்டோ?

கிதாரிலும் பிடிலுக்கு உறவான ஒரு ஜாதி உண்டு. 19-ம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் ஆர்வில் கிப்ஸன் என்பவர், பிடிலைப் போலவே மேற்பலகையை வளைவாகச் செதுக்கிக் கிதார் செய்தார். 1922-ல் வெளிவந்த கிப்ஸன் 'எல்-5' கிதாரில் பிடிலுக்குரிய துவாரங்களும் அமைந்தன. ஜாஸ் வாத்தியக்காரர்கள் அதைத் தமதாக்கிக் கொண்டார்கள்.

ஆனால் பிரிஜ் பூஷண் காப்ரா அத்தகைய கிதாரை மடியில் கிடத்தி, நம் கோட்டுவாத்தியத்தில் கட்டையை நகர்த்துவது போலத் தந்திகளின்மேல் உருக்குத் தண்டை நகர்த்தி, ஹிந்துஸ்தானி ராகங்களை வாசித்தார். மெட்டுகள் குறுக்கிடாததால் ஸ்வரம் அறுபடாமல் குழைந்தது. ஜெய்ப்பூர் விசுவமோகன் பட், சுருதித் தந்திகளோடு உடன் ஒலிக்கும் 12 தந்திகளையும் சேர்த்து, அதை 'மோகன வீணை' ஆக்கினார். 1994-ல் கிராமி பரிசும் பெற்றார்.

ஆகவே, வீட்டுக் குழந்தை கிதார் கேட்டால் பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை என்பதே நமது அபிப்பிராயம். கிதாரோடு ஒரு நல்ல குருவையும் தேடிக் கொடுத்தால் போதும்.